ஆஸ்திரேலியா ஜெயில்ல நர்ஸ் வேலை: அபொரிஜினல் (பூர்வகுடி) கைதிகளோட ஹெல்த் பத்தி உள்ள இருந்து தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

மெல்பன்_மாலா
வணக்கம் எல்லாருக்கும். மெல்பன்ல ஏஜ்டு கேர் (முதியோர் பராமரிப்பு) நர்ஸா இருக்கேன், இப்ப வெஸ்டர்ன் ஆஸ்திரேலியால ஒரு ஜெயில் ஹெல்த் சென்டர்ல வேலை வந்திருக்கு. சம்பளம் பரவால்ல, வீடும் தர்றாங்க. ஜெயில்னு கேட்டதுமே வீட்டுக்காரர் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டார், அத நான் பார்த்துக்கறேன். இன்டர்வியூல அங்க இருக்கறவங்கள்ல பாதிக்கு மேல அபொரிஜினல் ஆளுங்கன்னு சொல்லி அவங்க ஹெல்த் பத்தி என்ன தெரியும்னு கேட்டாங்க, நான் ஆன்லைன் ட்ரெயினிங்ல வந்தத அப்படியே ஒப்பிச்சேன், அவங்களும் தலையாட்டிட்டாங்க. ஏஜ்டு கேர்ல ஒண்ணு மட்டும் பார்த்திருக்கேன், மத்தவங்களுக்கு 65 வயசுக்கு மேல கிடைக்கற சர்வீஸுக்கு அபொரிஜினல் ஆளுங்க 50லயே அப்ளை பண்ணலாம், அவ்ளோ சீக்கிரம் உடம்பு விழுந்துடுதுன்னு கவர்மென்ட்டே ஒத்துக்கிட்டதுதான அது. ஜெயிலுக்குள்ள எப்படி இருக்கும்? வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பெர்த்_செல்வி
மாலா, நான் ஒரு ஜெயில்ல கொஞ்ச வருஷம் நர்ஸா இருந்துட்டு இப்ப வெளிய வந்துட்டேன். எந்த ஜெயில்னு கேக்காத. சுகர், கிட்னி, ஹார்ட், மூச்சுத் திணறல், இதெல்லாம் வெளிய 60 வயசுல பார்க்கறத உள்ள 35, 40லயே பார்ப்ப. மனசு சம்பந்தப்பட்டது, போதை விட்டு வர்றது, பொண்ணுங்கன்னா அடி வாங்கின பழைய காயம், அது கூடவே வரும். இதெல்லாம் உனக்கு புரிஞ்சுடும், நீ நர்ஸ்.

கஷ்டம் எங்கன்னா, வலிக்குதுன்னு ஒரு ஆள் சொன்னா அத நம்பறதா வேணாமான்னு ஒரு கேள்வி அந்த கட்டடத்துல எப்பவும் ஓடிட்டே இருக்கும். ஆபீசர் வந்து சொல்லும்போதே "ட்ராமா போடறா, மாத்திரைக்காக"ன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வருவாங்க. நீ ஆள பார்க்கறதுக்கு முன்னாடியே உன் காதுல அந்த வார்த்தை விழுந்துடும். முதல் மாசம் கோவம் வரும், ஆறாவது மாசம் நீயும் அதே மாதிரி யோசிக்க ஆரம்பிச்சுடுவ, அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

மிஸ் டூ கேஸ் படிச்சிருக்கியா? வெஸ்டர்ன் ஆஸ்திரேலியால வேலைக்கு போற எந்த நர்ஸும் படிக்கணும். 2014 ஆகஸ்ட், சவுத் ஹெட்லண்ட் போலீஸ் லாக்கப், 22 வயசு யமாஜி (ஒரு அபொரிஜினல் இனம்) பொண்ணு. கட்டாம விட்ட ஃபைன் 3,622 டாலர், அதுக்காக உள்ள வச்சாங்க. வீட்டு வன்முறைன்னு வந்த போலீஸ்தான் இந்த பொண்ணையும் புடிச்சுட்டு போச்சு. ஏற்கனவே விலா எலும்பு உடைஞ்சிருந்தது, அதுல இன்ஃபெக்ஷன். மூணு தடவ ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. முதல் ரெண்டு தடவ "ஜெயில்ல வைக்கலாம், ஓகே"ன்னு எழுதி திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டாவது தடவ டெம்பரேச்சர் கூட எடுக்கல. மூணாவது தடவ கையில விலங்கோட தூக்கிட்டு போனப்ப உயிர் போற நிலைமை, அப்பவும் நடிக்கிறாள்னுதான் போலீஸ் சொல்லிட்டு இருந்துச்சு. செப்சிஸ் (ரத்தத்துல பரவின இன்ஃபெக்ஷன்), நிமோனியா. ஆன்டிபயாடிக் குடுத்திருந்தா பிழைக்க வாய்ப்பிருந்த கேஸ். 2016 டிசம்பர்ல கொரோனர் (சாவு எப்படி நடந்ததுன்னு விசாரிக்கற அதிகாரி) தீர்ப்புல போலீஸ் நடந்துக்கிட்டது மனிதத்தன்மையே இல்லாததுன்னு எழுதினாங்க.

போலீஸ கூட விடு. அந்த ஆஸ்பத்திரில இருந்தவங்க உன்ன என்ன மாதிரி நர்ஸுங்க.

சும்மா_ஒருத்தன்
கஷ்டமாத்தான் இருக்கு ஆனா ஒண்ணு கேக்கறேன் கோச்சுக்காதீங்க. தப்பு பண்ணாம யாரும் உள்ள போறதில்ல. உள்ள போனா ஃப்ரீ சாப்பாடு ஃப்ரீ டாக்டர் ஃப்ரீ பல் டாக்டர். நான் ஜிபிய (குடும்ப டாக்டர) பார்க்க போனா கேப் ஃபீஸ் (அரசு குடுக்கறது போக மீதி) கட்டணும், பல்லு புடுங்கணும்னா ஆயிரக்கணக்குல கேக்கறான், இந்தியா போய் பார்த்துட்டு வர்றது சீப். என் டாக்ஸ்லதான் இதெல்லாம் நடக்குது.

கரன்_டண்டினோங்
தம்பி, அந்தப் பிள்ளை கட்டாத தண்டப் பணத்துக்கு உள்ள போனது எண்டு மேல எழுதியிருக்கு, வாசிச்சிட்டு எழுதும்.

நான் இஞ்ச ஒரு சட்ட உதவி நிலையத்தில வேலை செய்யிறன். மறியலில (ஜெயிலில) இருக்கிற சனத்தில கிட்டத்தட்ட பத்தில நாலு பேர் இன்னும் தீர்ப்பு வராத ஆக்கள், பிணை கிடைக்காம இருக்கிறவை. வெரோனிக்கா நெல்சன் எண்டு தேடிப் பாரும். 37 வயசு அபொரிஜினல் பெண். 2019 டிசம்பர் 30, மெல்பனில கடையில களவு எண்ட சந்தேகத்தில பிடிச்சவை. வன்முறை ஒண்டும் இல்லை. பிணைக்கு வழக்கறிஞர் இல்லாமல் தானே நீதவானிட்ட கதைச்சவா, மறுத்திட்டினம். 2018இல பிணைச் சட்டத்தை இறுக்கினவை, அதில சின்னக் களவுக்கும் பெரிய குற்றவாளி மாதிரி "ஏன் என்னை விடவேணும்" எண்டு நீயே நிரூபிக்கவேணும். டேம் ஃபிலிஸ் ஃப்ரொஸ்ட் பெண்கள் மறியலுக்குக் கொண்டு போய், ஜனவரி 2 விடியப்புறம் செல்லிலயே முடிஞ்சுது. இன்ரர்கொம்மில 40 தரத்துக்கு மேல உதவி கேட்டவா. சத்தி (வாந்தி), வயித்து வலி, கால் இழுக்குது எண்டு. உடம்பு நிறை 33 கிலோ. போதை விடுற அறிகுறி எண்டு போட்டுட்டினம், ஆனா உள்ளுக்க குடல் அடைக்கிற வில்கிஸ் சின்ட்ரோம் எண்ட அரிய வருத்தமும் (நோயும்) இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் தப்பியிருப்பா எண்டு 2023 ஜனவரியில கொரோனர் மக்ரெகர் எழுதினவர், அந்தப் பிணைச் சட்டத்தையே முழுப் பேரழிவு எண்டு சொன்னவர்.

பிறகு சட்டத்தைத் தளர்த்தினவை, 2024 மார்ச்சில நடைமுறைக்கு வந்தது. சரியா ஒரு வருசம். 2025 மார்ச்சில திரும்பவும் இறுக்கியாச்சு. எலெக்சன், பேப்பர்க்காரன், இளந்தாரியள் கார் களவெடுக்கிறாங்கள் எண்ட கதை.

(இந்தக் குடும்பம் பெயரும் படமும் பாவிக்கச் சம்மதிச்சவை, அதால எழுதினன். செத்தவையின்ர பெயரைச் சொல்லாத வழக்கம் அவையிட்ட இருக்கு, மிஸ் டூ எண்டு குடும்பப் பெயர் மட்டும் சொல்லுறதும் அதாலதான். மாலா தங்கச்சி, உள்ள போனால் இதைக் கவனிக்கவேணும். போன கிழமை செத்த ஆளின்ர பெயரை உரத்துக் கூப்பிட்டு ரோல் கோல் எடுக்கப்படாது.)

பெர்த்_செல்வி
ஃப்ரீ டாக்டர்னு சொன்னவருக்கு: ஜெயிலுக்குள்ள போன நிமிஷம் மெடிகேர் (மத்திய அரசோட ஹெல்த் இன்சூரன்ஸ்) கட். 1973 ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டம் 19(2) பிரிவு, மாநில அரசு காசு குடுக்கற சர்வீஸுக்கு மெடிகேர் கிளெய்ம் பண்ண முடியாது, ஜெயில் மாநிலத்தோடது, அவ்ளோதான் லாஜிக். தண்டனை வாங்காத ரிமாண்ட் கைதிக்கும் இதே கதிதான். பிபிஎஸ் (மத்திய அரசு மானியத்துல வர்ற) மருந்தும் சிலது தவிர இல்ல. அபொரிஜினல் ஆளுங்களுக்குன்னே வருஷா வருஷம் 715னு ஒரு ஃபுல் ஹெல்த் செக் இருக்கே, மாலாவுக்கு தெரியும், அத கிளெய்ம் பண்ண முடியாது. மனநல டாக்டர் ப்ளான் இல்ல. அதாவது யாருக்கு ரொம்ப தேவையோ அவங்க எங்க கூட்டமா இருக்காங்களோ அங்க போய் அத நிறுத்தி வச்சிருக்காங்க. மாநிலம் தன் பட்ஜெட்ல எவ்ளோ ஒதுக்குதோ அதான். வெளிய ஒரு மாத்திரைல கன்ட்ரோலா இருந்த ஆளுக்கு உள்ள வந்ததும் "அது எங்க லிஸ்ட்ல இல்ல"ன்னு வேற மாத்திரைக்கு மாத்துவாங்க. பல்லு பத்தி சொல்லவே வேணாம், வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கும்போதே ஆள் ரிலீஸ் ஆயிடுவான்.

நல்லதும் நடந்திருக்கு, அதையும் சொல்லிடறேன். ஹெபடைடிஸ் சி, ரத்தம் வழியா பரவற கல்லீரல் நோய். 2016 மார்ச்ல இருந்து புது மாத்திரை பிபிஎஸ்ல வந்துச்சு, அந்த ஒரு மருந்துக்கு ஜெயிலையும் சேர்த்துக்கிட்டாங்க, வாரக்கணக்குல முழு குணம். எங்க ஹெல்த் சென்டர்ல ஒவ்வொருத்தரா நெகடிவ் ரிசல்ட் வர்றப்போ அவ்ளோ சந்தோஷம். மனசு வச்சா முடியும்ங்கறதுக்கு இத விட ஆதாரம் வேணாம். ஆனா ஊசி எக்ஸ்சேஞ்ச் (பழைய போதை ஊசிக்கு பதில் சுத்தமான ஊசி குடுக்கறது) இன்னிக்கு வரைக்கும் ஆஸ்திரேலியால ஒரு ஜெயில்லயும் இல்ல, குணமானவனுக்கு திரும்பவும் ஒட்டிக்கும்.

டார்வின்_ரவி
நான் ஆடியாலஜிஸ்டுங்க, நார்தர்ன் டெரிட்டரில ரிமோட் கிராமங்களுக்கு போய் காது டெஸ்ட் பண்றவன். யாரும் இத சொல்ல மாட்டாங்கன்னு தெரியும் அதான் எழுதறேன், காது.

2010-11 வாக்குல டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஜெயில்ல இருந்த அபொரிஜினல் கைதிகளுக்கு காது டெஸ்ட் பண்ணினாங்க, 90 சதவீதத்துக்கும் மேல கேட்கறதுல குறைபாடு. திரும்ப படிங்க, 90. காரணம் பொறந்த சில மாசத்துலயே ஆரம்பிக்கற நடுக்காது இன்ஃபெக்ஷன். ஒரே வீட்டுல பத்து பன்னெண்டு பேரு, தண்ணி வசதி சரியில்ல, குழந்தைக்கு சளி போகவே போகாது, காது சீழ் வடியும், செவிப்பறை ஓட்டை. வாரக்கணக்குல ஆன்டிபயாடிக் குடுத்தா சரியாகற விஷயம், ஆனா கிளினிக் எத்தன கிலோமீட்டர் தள்ளி இருக்கு, நர்ஸ் இருக்காங்களா, ஃப்ரிட்ஜ் வேலை செய்யுதா. ஸ்கூல்ல டீச்சர் சொல்றது கேக்காது, பின்னாடி உக்கார்ந்து சேட்டை பண்றான்னு வெளிய அனுப்புவாங்க, அப்புறம் ஸ்கூலுக்கே போறதில்ல.

இப்ப அந்த பையன் வளர்ந்து ஜெயிலுக்குள்ள வர்றான். எல்லாம் சிமெண்ட் சுவரு, இரும்பு கதவு, எக்கோ பயங்கரமா இருக்கும், நல்லா கேக்கற நமக்கே அங்க வார்த்தை புரியாது. ஆபீசர் பின்னாடி இருந்து ஆர்டர் போடறார், இவன் திரும்பல. ஆர்டர மீறிட்டான்னு ரிப்போர்ட், தனி செல்லு. இங்கிலீஷ் அவனுக்கு மூணாவது நாலாவது பாஷை வேற. டாக்டர் "நெஞ்சு வலி இருக்கா"ன்னு கேட்டா பாதி கேக்கும் பாதி கேக்காது, ஆம்னு தலையாட்டுவான், இல்லன்னா சும்மா இருப்பான். கோர்ட்லயும் இதே, ஜட்ஜ் கேக்கறதுக்கு பதில் வராது, திமிருன்னு நினைச்சுக்குவாங்க.

மாலா நீங்க செய்ய வேண்டியது சிம்பிளுங்க. முகத்துக்கு நேரா நின்னு பேசுங்க. ரூம் கதவ சாத்திட்டு பேசுங்க. கையடக்கமா ஒரு சவுண்ட் ஆம்ப்ளிஃபையர் ஹெட்போனோட விக்கிது, ரொம்ப விலையும் இல்ல, உங்க சென்டர்ல வாங்கி வைக்க சொல்லுங்க. முதல் தடவ போட்டுட்டு பேசினா அவங்க முகம் மாறறத பார்ப்பீங்க.

பெர்த்_செல்வி
ரவி, இத யாராவது அப்பவே எனக்கு சொல்லியிருந்தா... எத்தன பேர "கோவாபரேட் பண்ணல"ன்னு ஃபைல்ல எழுதியிருக்கோம் நாங்க எல்லாரும்.

மெல்பன்_மாலா
ரவி அண்ணா ரொம்ப தேங்க்ஸ். ட்ரெயினிங் மாட்யூல்ல இதுல ஒரு வரி கூட இல்ல. கொடி, ஓவியம், எல்டர்ஸ்க்கு (அவங்க சமூகத்துப் பெரியவங்களுக்கு) மரியாதை, இதான் இருந்துச்சு.

சும்மா_ஒருத்தன்
மெடிகேர் விஷயம் தெரியாது, ஓகே. ஆனா அது எல்லா கைதிக்கும் தான, வெள்ளைக்காரன் கைதிக்கும் அதே டாக்டர் அதே மருந்து. இதுல இனம் எங்க வந்துச்சு?

கரன்_டண்டினோங்
நல்ல கேள்வி, இதையே ரோயல் கமிஷனும் (அரசு அமைச்ச பெரிய விசாரணை ஆணையம்) கேட்டது. 1987இல துவங்கி 1991இல முடிஞ்சது, காவலில நடந்த 99 சாவை ஒண்டொண்டா விசாரிச்சவை, 339 பரிந்துரை குடுத்தவை. அவை கண்டது என்ன தெரியுமோ, உள்ள போன பிறகு அபொரிஜினல் ஆள் சாகிற வீதம் மற்ற ஆக்களை விடக் கூட இல்லை. கூட நேரம், கூடப் பேர் உள்ள போகினம், அதாலதான் அவ்வளவு சாவு. அப்ப மறியலில இருந்த ஆக்களில 14 வீதம் அவையள். இப்ப மூண்டில ஒண்டுக்கும் மேல, நாட்டுச் சனத்தொகையில நாலு வீதமும் இல்லாத சனம். 1991க்குப் பிறகு காவலில செத்த அபொரிஜினல் ஆக்கள் 500 பேருக்கும் மேல.

பரிந்துரைகளுக்கு என்ன நடந்தது எண்டு ஒரு உதாரணம். வெறியில (குடிபோதையில) பொது இடத்தில இருக்கிறது குற்றம் எண்ட சட்டத்தை எடுங்கோ எண்டு 1991இல சொன்னது. மெல்பன் இருக்கிற விக்டோரியா மாநிலம் எடுக்கேல்லை. 2017 டிசம்பரில தான்யா டே எண்ட யோர்ட்டா யோர்ட்டா (அபொரிஜினல் இனம்) அம்மா ரெயினில நித்திரையாப் போனா, ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை, அதே சட்டத்தில பிடிச்சு காசில்மெய்ன் பொலிசில வச்சினம், செல்லில விழுந்து மண்டையில அடிபட்டது, ஆஸ்பத்திரியில செத்திட்டா. பிள்ளையள் விடாமல் போராடி 2023 நவம்பரில தான் அந்தச் சட்டம் போனது. 32 வருசம்.

மற்றது, ஒரே டொக்டர் ஒரே மருந்து எண்டால் எல்லாருக்கும் ஒரே வைத்தியம் எண்டு நினைக்காதையும். ஒரே வயித்து வலியை ஆளைப் பார்த்து வேற வேறயா எடுக்கிறது எனக்குத் தெரியும். நான் படகில வந்தனான், இமிக்ரேசன் டிடென்சனில இருந்தனான். என்ன வருத்தம் எண்டாலும் பனடோலும் தண்ணியும். அதைவிட மோசம், நாங்கள் விசாவுக்காக நடிக்கிறம் எண்ட பார்வை. எங்களுக்கு அது சில வருசம். அவைக்கு அது 200 வருசத்துக்கு மேல, சொந்த மண்ணில.

வைகை_குமார்
அங்க மட்டுமா, நம்ம ஊர்லயும் பழங்குடி மக்கள்னாலே திருட்டு கேஸ் போட்டு உள்ள தள்றது இல்லையா? அத பத்தி யாரும் பேச மாட்டீங்களே

இழை_காவலர்
குமார், அதுக்கு தனி இழை தாராளமா தொடங்குங்க, அங்க வந்து நாங்களும் எழுதறோம். இதுல கேட்டவங்களுக்கு பதில் வரட்டும்.

கான்பரா_நிலா
லேட்டா வந்துட்டேன். பப்ளிக் ஹெல்த் படிக்கறேன். எல்லாரும் சாவு பத்தியே சொல்றீங்க, சரியா நடக்கற இடம் ஒண்ணும் இருக்கு. இங்க கான்பரால அலெக்சாண்டர் மகோனக்கி ஜெயிலுக்குள்ள வினுங்கா நிம்மிட்ஜான்னு அபொரிஜினல் மக்களே நடத்தற ஹெல்த் சர்வீஸ் 2019ல இருந்து தனி கிளினிக் வச்சிருக்காங்க. சும்மா வாரம் ஒரு தடவ விசிட் இல்ல, அவங்களோட டாக்டர், அவங்களோட நர்ஸ், அவங்களோட ஃபைல். சுலபமா கிடைக்கல, 2016ல ஒரு இளைஞர் அந்த ஜெயில்ல செத்து, அதுக்கு அப்புறம் வந்த விசாரணைல பரிந்துரை பண்ணிதான் நடந்துச்சு. இதுல பெரிய விஷயம் என்னன்னா ஆள் ரிலீஸ் ஆனதும் வெளிய அதே கிளினிக், அதே ஃபைல், அதே முகம். 1971ல சிட்னி ரெட்ஃபர்ன்ல அவங்களே முதல் மெடிக்கல் சர்வீஸ் ஆரம்பிச்சாங்க, இப்ப நாடு பூரா நூத்துக்கு மேல இருக்கு. ஆனா ஜெயில் கதவுக்குள்ள அவங்கள விட மாநிலங்களுக்கு மனசு வரல, காசு கதைதான், மெடிகேர் இல்லன்னா அவங்க யார்கிட்ட கிளெய்ம் பண்ணுவாங்க?

மாலா, வெஸ்டர்ன் ஆஸ்திரேலியால ஜெயில் ஹெல்த் ஹெல்த் டிபார்ட்மென்ட் கிட்ட இல்ல, ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் கிட்ட இருக்கு. அதாவது உங்க பாஸும் சாவி வச்சிருக்கறவரோட பாஸும் ஒரே டிபார்ட்மென்ட். டபிள்யூஎச்ஓ இது கூடாதுன்னுதான் சொல்லிட்டு இருக்கு.

பெர்த்_செல்வி
நிலா சொன்ன பாஸ் விஷயம் சின்னதா தெரியும் ஆனா தினமும் இடிக்கும். பேஷண்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு நீ சொல்லலாம், எஸ்கார்ட் ஆபீசர் இல்லன்னா அப்பாயின்ட்மென்ட் கேன்சல். ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் மாசக்கணக்குல காத்திருந்து கிடைச்சது, லாக்டவுன்னு போயிடும்.

இன்னொண்ணு மாலா, எந்த ஊர் ஜெயில்? வடக்கு பக்கம் பில்பராவா இருந்தா வெயில் பத்தி தெரிஞ்சுக்கோ. ரோபோர்ன்ல 2022 ஜனவரில 50.5 டிகிரி அடிச்சுது. அந்த ஜெயில்ல அப்ப பெரும்பாலான செல்லுக்கு ஏசி கிடையாது, உள்ள இருக்கறவங்க பெரும்பாலும் அபொரிஜினல் ஆளுங்க. "அவங்க இந்த வெயிலுக்கு பழகினவங்க"ன்னு சொல்றவங்கள நேர்லயே கேட்டிருக்கேன். பழகினவங்க மரத்தடில ஆத்தோரமா இருப்பாங்க, கான்கிரீட் பொட்டிக்குள்ள பூட்டிக்க மாட்டாங்க. சுகருக்கும் மனநோய்க்கும் மாத்திரை சாப்பிடற உடம்பு சூட்ட தாங்காது. வருஷக்கணக்குல சண்டை போட்டப்புறம்தான் கவர்மென்ட் ஏசி போடறோம்னு இறங்கி வந்துச்சு. 2008லயே லாவர்டன்ல இருந்து கல்கூர்லி வரைக்கும் 360 கிலோமீட்டர் ஏசி வேலை செய்யாத வேன்ல ஒரு எல்டர பின்னாடி பூட்டி கொண்டு போய் வெந்தே செத்தார், வேன் தரை சூட்டுல வயித்துல தீக்காயம். அதுக்கு அப்புறமும் 14 வருஷம்.

அப்புறம் தூரம். மாநிலத்தோட வடகோடி கிம்பர்லில புடிச்ச ஆள பெர்த்துக்கு அனுப்பிடுவாங்க, ப்ரூம்ல இருந்தே 2,000 கிலோமீட்டருக்கு மேல. குடும்பம் வந்து பார்க்க முடியாது. ஊர்ல சாவு விழுந்தா போக முடியாது, விட்டாலும் விலங்கோட கொண்டு போய் நிறுத்துவாங்க, இல்லன்னா வீடியோல பாருங்கம்பாங்க. அப்பன் சாவுக்கு கொள்ளி வைக்க விடலன்னா நம்ம ஆளுக்கு எப்படி இருக்கும்? அவங்களுக்கு பெரியம்மா சித்தப்பா மச்சான் எல்லா சாவும் அந்த கணக்குதான், சாவும் அடிக்கடி விழும். சாவு சேதி வந்த வாரம் ஆள் சாப்பிட மாட்டான், இன்சுலின் போட வர மாட்டான், சில பேர் தன்னையே காயப்படுத்திக்குவாங்க. டிப்ரஷன்னு மாத்திரை எழுதறாங்க. மாத்திரை தப்புன்னு சொல்லல, ஆனா ஒரு போன் கால் போட விட்டாலே பாதி சரியாகும்.

டார்வின்_ரவி
பசங்க ஜெயில் பத்தியும் ஒரு வரி. பெர்த் பாங்க்சியா ஹில் பசங்க ஜெயில்ல 99 பசங்கள டெஸ்ட் பண்ணி 2018ல வெளியான ஆய்வுல 36 சதவீதம் பேருக்கு எஃப்ஏஎஸ்டி, அம்மா வயித்துல இருக்கும்போதே ஆல்கஹால்னால வர்ற மூளை பாதிப்பு. பத்துல ஒன்பது பேருக்கு கிட்டத்தட்ட ஏதோ ஒரு கடுமையான மூளை வளர்ச்சி குறைபாடு. பெரும்பாலும் அதுக்கு முன்னாடி யாரும் கண்டே புடிக்கல. தப்பு பண்ணா தண்டனைங்கற கணக்கே புரியாத குழந்தைங்க. டெரிட்டரில 2023ல கிரிமினல் பொறுப்பு வயச (எந்த வயசுல இருந்து கேஸ் போடலாம்ங்கறத) 12 ஆக்கினாங்க, 2024ல ஆட்சி மாறினதும் திரும்ப 10. பத்து வயசுங்க. என் பையனுக்கு ஷூ லேஸ் கட்ட தெரியாது.

சும்மா_ஒருத்தன்
10 வயசு ரொம்ப ஓவர், அதுல நானும் ஒத்துக்கறேன். ஆனா கார் திருடி வீட்டுக்குள்ள கத்தியோட வர்றாங்களே, எங்க தெருவுலயே நடந்துச்சு, அந்த வீட்டுக்காரங்க நிலைமையும் யாராவது பேசணும்ல.

கரன்_டண்டினோங்
பேசவேணும் தான். அந்தப் பயம் பொய் இல்லை. ஆனா உள்ள போட்டு இன்னும் வருத்தக்காரனா ஆக்கி அதே தெருவுக்கு விடுறதால உங்கட பயம் குறையுதோ எண்டதையும் பாரும். அதுக்கு மேல நான் சண்டை பிடிக்கேல்லை.

கான்பரா_நிலா
விடறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. உள்ள இருக்கறத விட வெளிய வந்த முதல் சில வாரம்தான் ரொம்ப ஆபத்து. உடம்பு போதைப் பழக்கம் விட்டிருக்கும், பழைய அளவ எடுத்தா முடிஞ்சுது. மாத்திரை கைல கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும், மெடிகேர் கார்டு எங்கன்னு தெரியாது, தங்க வீடில்ல. ரிலீஸ் ஆகற அன்னிக்கு கைல நலாக்ஸோன் ஸ்ப்ரே (ஹெராயின் மாதிரி போதை ஓவர்டோஸ் ஆனா உயிர காப்பாத்தற மருந்து) குடுக்கறாங்களான்னு கேளுங்க, 2022 ஜூலைல இருந்து நாடு பூரா ஃப்ரீ, ப்ரிஸ்கிரிப்ஷனும் வேணாம். ஊர்ல இருக்கற அபொரிஜினல் கிளினிக்குக்கு முன்னாடியே போன் போட்டு சொல்லிட்டா ஆள காத்திருந்து கூட்டிட்டு போவாங்க, ஆனா திடீர்னு கோர்ட்ல பிணை குடுத்து அப்படியே வாசல்ல விட்டுடறாங்க, யாருக்கும் தகவலே போகாது.

மெல்பன்_மாலா
எல்லாருக்கும் நன்றி, வீட்டுக்காரரையும் உக்கார வச்சு படிக்க சொன்னேன், படிச்சுட்டு "போறதுன்னா போ ஆனா ஒரு வருஷம்தான்"ன்னார். இன்னும் கையெழுத்து போடல. எச்ஆர்கிட்ட என்ன கேக்கணும்னு எழுதி வச்சிருக்கேன்: அபொரிஜினல் ஹெல்த் வொர்க்கர் எத்தன பேர், ஆம்ப்ளிஃபையர் வாங்க முடியுமா, ரிலீஸ் ப்ளான் யார் பொறுப்பு, நலாக்ஸோன். வேற ஏதாவது விட்டுட்டேனா செல்வி அக்கா?

பெர்த்_செல்வி
நைட். ராத்திரி நர்ஸ் இருக்காங்களான்னு கேளு, எல்லா ஜெயில்லயும் இருக்க மாட்டாங்க. இருந்தா ஒரு ஆளா ரெண்டு ஆளா, செல்லோட இன்டர்காம் அடிச்சா அது யார்கிட்ட போகுது, ஆபீசர் கிட்டயா நர்ஸ் கிட்டயா, ராத்திரி செல் கதவ திறக்க யார் பர்மிஷன் குடுக்கணும், நீ ஆம்புலன்ஸ் கூப்பிடுன்னு சொன்னா யாராவது வேணாம்னு சொல்ல முடியுமா. கடைசி கேள்விக்கு பதில எழுத்துல வாங்கு. வாயால சொன்னா வேணாம்.

மெல்பன்_மாலா
திங்கட்கிழமை எச்ஆருக்கு போன் பண்றேன். பதில் வந்ததும் இங்கயே போடறேன்.